தட்டு அசைவதில்லை, படகுதான் திரும்புகிறது

சின்னப் படகில் முதன்முறையாகச் சுக்கானைப் பிடிப்பவரிடம் "தொண்ணூறில் வை" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். திசைகாட்டும் காம்பஸில் அப்போது எண்பது டிகிரி இருக்கும். தொண்ணூறு என்ற எண், படகின் மூக்கைக் குறிக்கும் நேர்க்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் தெரியும். அதை இடப்பக்கம் நகர்த்திக் கோட்டில் சேர்க்க வேண்டும் என்று மனம் சொல்லும். கையும் படகை இடப்பக்கம் திருப்பும். எண் இன்னும் தள்ளிப் போகும். இன்னும் திருப்புவார். எழுபது, அறுபது என்று இறங்கிக்கொண்டே போகும். பதறிப்போய் எதிர்ப்பக்கம் வளைப்பார், நூற்றுப்பத்தைத் தாண்டிவிடும். படகுக்குப் பின்னால் நுரைத்தடம் பாம்பு போன வழி மாதிரி நெளிந்து கிடக்கும்.

இதில் புத்திக்குறைவு எதுவும் இல்லை. கண்ணெதிரே எண்கள் எழுதிய ஒரு வட்டத் தட்டு சுழல்கிறது. அதைச் சுழற்றுவது நம் கைதான் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்தத் தட்டு சுழலவே இல்லை. அது வடக்கைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறது. திரும்புவது படகு, படகோடு சேர்ந்து காம்பஸின் கிண்ணமும் கோடும் நாமும் திரும்புகிறோம். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த படகோட்டி இதை ஒரே வரியில் சொன்னார்: "எண்ணைக் கோட்டுக்குக் கொண்டுவராதே தம்பி, கோட்டை எண்ணுக்குக் கொண்டுபோ." காம்பஸ் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைவிடப் பெரியது வேறில்லை.

காம்பஸ் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கணக்கைக் காட்டிவிடுகிறார்கள். உண்மை வடக்கு, காந்த வடக்கு, கூட்டு, கழி என்று பலகை நிறைய எழுதிப்போடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. காம்பஸ் முதலில் கைக்கும் கண்ணுக்கும் பழக வேண்டிய விஷயம். ஒரு எண்ணைப் பிடித்து அரைமணி நேரம் படகை ஓட்டத் தெரிந்த பிறகு கணக்கு தானாகப் புரிகிறது. கணக்கு தெரிந்தும் ஓட்டத் தெரியாதவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. அதனால் நானும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படகுக் காம்பஸ், மலையேறுபவர்கள் கையில் வைத்திருக்கும் காம்பஸ் போன்றது அல்ல. அங்கே ஊசி தனியாக ஆடும். எண்கள் சட்டத்தில் இருக்கும். இங்கே எண்கள் எழுதிய தட்டின் அடியிலேயே காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. தட்டு ஒரு கூர்முனைமேல் உட்கார்ந்து, திரவம் நிரம்பிய கிண்ணத்துக்குள் மிதக்கிறது. அந்தக் காலத்தில் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து ஊற்றினார்கள். இப்போது பெரும்பாலும் மெல்லிய எண்ணெய். படகு எவ்வளவு குலுங்கினாலும் தட்டு தடதடக்காமல் நிதானமாக நிற்பது இந்தத் திரவத்தால்தான். மேலே உள்ள கண்ணாடிக் குமிழ் எண்களைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. கிண்ணத்துக்குள் காற்றுக்குமிழி தெரிந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும். வெயிலில் கண்ணாடி மங்கிப்போகும் என்பதால் ஓட்டாத நேரத்தில் மூடி போட்டு வைப்பது நல்லது.

கிண்ணத்தின் சுவரில் ஒரு கோடோ கம்பியோ குத்திட்டு நிற்கும். மாலுமிகள் அதை லப்பர் கோடு என்பார்கள். அது படகின் நீளவாட்டுக்கு இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். அதற்கு நேரே வரும் எண்தான் படகின் மூக்கு பார்க்கும் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. சின்ன காம்பஸில் ஐந்து டிகிரிக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒற்றை டிகிரி வரை பார்த்து ஓட்ட ஆடும் படகில் முடியவும் முடியாது. பாய்க்கப்பல் காலத்தில் வட்டத்தை 32 பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பங்கு பதினொன்றேகால் டிகிரி. அந்தக் காலத்து மாலுமி அந்த 32 பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்று டிகிரி போதும்.

சில படகுகளில் காம்பஸ் சுவரில் பதித்திருக்கும். அங்கே எண்ணைப் படிப்பது தட்டின் நம் பக்கத்து விளிம்பில். அந்த வகையில் பெரிய எண்கள் இடப்பக்கம் இருக்கும். மேலிருந்து பார்க்கும் காம்பஸில் பழகியவருக்கு அது புதுக் குழப்பம். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே விதி இருக்கிறது: வலப்பக்கம் திரும்பினால் எண் கூடும், இடப்பக்கம் திரும்பினால் குறையும். எண் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்க்கவே வேண்டாம். எனக்கு வேண்டியது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? பெரியது என்றால் வலம், சின்னது என்றால் இடம். வடக்கைத் தாண்டும்போது மட்டும் 359-க்கு அடுத்து 0 வரும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அடுத்த பாடம், காம்பஸையே முறைத்துப் பார்க்காமல் இருப்பது. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் படகு நெளியும், கண் களைக்கும், வயிறும் புரட்டும். படகை வேண்டிய எண்ணில் நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி மூக்குக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தூரத்துக் குன்றோ கோபுரமோ இருந்தால் அதைப் பிடித்து ஓட்டலாம். எதுவும் இல்லாவிட்டால் ஒரு மேகத்தின் விளிம்பு. இரவில் ஒரு நட்சத்திரம். மேகமும் நட்சத்திரமும் நிலையாக நிற்பவை அல்ல. வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி வீதம் சுழல்கிறது. அதனால் கால்மணிக்கு ஒருமுறையாவது காம்பஸைப் பார்த்து வேறொரு நட்சத்திரத்துக்கு மாற வேண்டும். காம்பஸைப் பார், வெளியே பார், திரும்பக் காம்பஸைப் பார். இந்தத் தாளம் உடம்பில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அலையில் படகு ஒரே எண்ணில் நிற்காது. தொண்ணூறுக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்று ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சுக்கானைத் திருப்பிப் பதில் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் சமமாக ஆடினால் சராசரி தொண்ணூறுதான். படகு போக வேண்டிய இடத்துக்கே போகும். கவலைப்பட வேண்டியது ஒருபக்கச் சாய்வுக்கு. பக்கவாட்டில் அலை தள்ளும்போது நம்மை அறியாமல் எண்பத்தைந்துக்கும் நூறுக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருப்போம். பார்ப்பதற்குத் தொண்ணூறுக்கு இருபுறமும் போய் வருவது போலவே இருக்கும். சராசரி தொண்ணூற்றிரண்டு, மூன்றாகிவிடும். நான் செய்வது இதுதான்: எண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஆட்டத்தின் இரு நுனிகளும் எங்கே என்று பார்க்கிறேன்.

உட்காரும் இடமும் முக்கியம். காம்பஸுக்கு நேர் பின்னால் இருந்து பார்த்தால்தான் கோடும் எண்ணும் சரியாகப் பொருந்தும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சில டிகிரி பிசகும். பாய்ப்படகில் ஓட்டுபவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் உட்கார்கிறார். அதனால்தான் பல பாய்ப்படகுக் காம்பஸ்களில் நேர்க்கோட்டைத் தவிர 45 டிகிரியிலும் 90 டிகிரியிலும் கூடுதல் கோடுகள் வைத்திருக்கிறார்கள். இரவில் சிவப்பு விளக்கு. மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

சரி, எண்ணைப் பிடித்து ஓட்டத் தெரிந்துவிட்டது. இப்போது காம்பஸ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். படகின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. படகு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எந்தத் திசையில் நகர்கிறது என்றும் தெரியாது. மூக்கு கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, நீரோட்டம் படகைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகலாம். காற்றும் பக்கவாட்டில் நகர்த்தலாம். காம்பஸில் தொண்ணூறு அசையாமல் நிற்கும். படகு தொண்ணூறில் போய்க்கொண்டிருக்காது.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். படகு 5 நாட் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 5 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். நீரோட்டம் 1 நாட் வேகத்தில் நேர் பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டு மணி நேரத்தில் பத்து மைல் முன்னே போயிருப்போம், இரண்டு மைல் ஓரமாகவும் போயிருப்போம். இதைத் தவிர்க்க மூக்கை நீரோட்டம் வரும் பக்கம் சுமார் 12 டிகிரி திருப்பி வைத்து ஓட்ட வேண்டும். மனக்கணக்குக்கு உதவும் ஒரு விதி உண்டு: ஒரு டிகிரி பிசகினால் அறுபது மைலில் ஒரு மைல் விலகுவோம். 12 டிகிரி என்றால் ஐந்து மைலுக்கு ஒரு மைல். பத்து மைலுக்கு இரண்டு. கணக்கு சரியாக வந்து சேர்கிறது. இந்த அறுபதுக்கு ஒன்று விதியை நான் ஒவ்வொரு தடவையும் பயன்படுத்துகிறேன்.

"ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார்கள். ஜி.பி.எஸ். சொல்வது வேறு, காம்பஸ் சொல்வது வேறு. படகு எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்கிறது. மூக்கு எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. படகு நின்றுவிட்டால் திசையே சொல்லத் தெரியாமல் எண்கள் அலைபாயும். மெதுவாகப் போகும்போதும் தடுமாறும். சுக்கானைத் திருப்பிய மறுகணமே காம்பஸ் பதில் சொல்கிறது; திரையில் அது தெரிய ஒன்றிரண்டு நொடி ஆகும். அந்த ஒன்றிரண்டு நொடித் தாமதத்தை வைத்துக்கொண்டு நேராக ஓட்ட முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. மூக்கு 90, நகர்வது 102 என்றால், இடையே உள்ள பன்னிரண்டு டிகிரி காற்றும் நீரோட்டமும் சேர்ந்து செய்த வேலை. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் ஒரு எண்ணாக முன்னால் வந்து நிற்கிறது. காம்பஸை ஜி.பி.எஸ். பழுதானால் எடுக்கும் மாற்றுக் கருவி என்று நினைப்பவர்கள் இதை இழக்கிறார்கள். அது தினமும் பார்க்க வேண்டிய கருவி.

ஆனால் அந்த இரண்டு எண்களை ஒப்பிடுவதற்கு முன் காம்பஸின் இரண்டு பிழைகளைத் திருத்தியாக வேண்டும். முதலாவது பூமியால் வருவது. இரண்டாவது படகால் வருவது.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் எழுதியவர் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட். அந்தக் காந்தத்தின் வடமுனை, பூமி சுழலும் அச்சின் வடமுனையோடு பொருந்தி நிற்கவில்லை. அதனால் காம்பஸ் காட்டும் வடக்குக்கும் வரைபடத்தின் வடக்குக்கும் இடையே ஒரு கோணம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் காந்த ஒதுக்கம் என்று படித்திருப்போம். படகுக்காரர்கள் வேரியேஷன் என்கிறார்கள். அது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பூஜ்யம், சில இடங்களில் இருபது டிகிரிக்கும் மேல். 11-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் ஷென் குவோ, காந்த ஊசி நேர்த் தெற்கைக் காட்டாமல் சற்றே விலகி நிற்பதைக் குறித்துவைத்திருக்கிறார். வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹாலி, 1698 முதல் 1700 வரை பாராமூர் என்ற சின்னக் கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றி இந்தக் கோணத்தை அளந்தார்; ஒரே அளவு உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701-இல் வரைபடமாக வெளியிட்டார்.

இது காலத்தோடும் மாறுகிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-இல் கனடாவின் வடகோடியில் பூத்தியா தீபகற்பத்தில் காந்த வடமுனையைக் கண்டுபிடித்தார். இப்போது அது அங்கே இல்லை. ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியாவின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போனது. உலகக் காந்த மாதிரி என்ற கணக்கீட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். முனை எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்ததால் 2015 மாதிரியை 2019-இன் தொடக்கத்தில் இடையிலேயே திருத்த வேண்டி வந்தது. கடல் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் திசைவட்டத்தைப் பாருங்கள். வெளிவட்டம் உண்மைத் திசை, உள்வட்டம் காந்தத் திசை. நடுவில் எந்த ஆண்டில் எத்தனை டிகிரி, ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று எழுதியிருக்கும். பழைய வரைபடமென்றால் அந்த ஆண்டு மாற்றத்தைப் பெருக்கிச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது பிழைக்கு டீவியேஷன் என்று பெயர். இன்ஜின், இரும்புச் சாமான்கள், ஸ்பீக்கர், மின்கம்பி எல்லாமே தட்டைத் தம் பக்கம் இழுக்கின்றன. இதன் குறும்பு என்னவென்றால், படகு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கேற்ப அளவு மாறும். காரணம் எளிது. தட்டு வடக்கைப் பார்த்து நிற்கிறது, இன்ஜின் படகோடு சுற்றுகிறது. வடக்கே போகும்போது காம்பஸுக்குத் தெற்கே இருக்கும் இன்ஜின், கிழக்கே போகும்போது அதற்கு மேற்கே வந்துவிடும். இழுக்கும் பக்கம் மாறுகிறது, பிழையும் மாறுகிறது. 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ் இதைக் கவனித்து, கப்பலில் உள்ள இரும்புதான் காரணம் என்று கண்டறிந்தார். பெரிய கப்பல்களின் காம்பஸ் அருகே செங்குத்தாக வைக்கும் இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். பின்னாளில் முழுக்க இரும்பாலேயே கப்பல் கட்டத் தொடங்கியதும் இந்தப் பிழை உயிருக்கே ஆபத்தானது. 1838-இல் இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி, ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில் காந்தங்களை வைத்துப் பிழையைச் சரிக்கட்டிக் காட்டினார்.

சின்னப் படகில் பெரும்பாலான டீவியேஷன் நாமே கொண்டுவந்து வைப்பது. சாய்ந்து எண்ணைப் படிக்கும்போது சட்டைப்பையில் இருக்கும் செல்போன், காந்தப் பூட்டு வைத்த உறை, பக்கத்தில் வைத்த கத்தி, ரேடியோ. சின்னக் காந்தத்தின் வலு தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் பொருளைக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். தட்டு நகர்ந்தால் அதன் இடம் அது அல்ல. காம்பஸ் விளக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுவதும் இதற்காகத்தான்: ஒன்றின் காந்தப்புலம் மற்றதை ஈடுகட்டிவிடும்.

விலக்க முடியாத மிச்சத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அலையில்லாத ஒரு காலை வேளை, கையில் பிடித்துப் பார்க்கும் இன்னொரு காம்பஸ், ஓட்ட ஒருவர், எழுத ஒருவர். முதலில் கைக்காம்பஸுக்கு இரும்பின் தொல்லை இல்லாத இடத்தைத் தேட வேண்டும். பல மைல் தூரத்தில் உள்ள ஒரு கோபுரத்தைக் குறிபார்த்தபடி படகை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கோபுரத்தின் எண் மாறாமல் இருந்தால் நின்ற இடம் சுத்தம். அங்கிருந்து படகின் நீளவாட்டில் குறிபார்த்து, முப்பது டிகிரிக்கு ஒரு தடவை இரண்டு காம்பஸ்களின் எண்ணையும் குறிக்க வேண்டும். வித்தியாசம்தான் டீவியேஷன். பன்னிரண்டு புள்ளிகளையும் வரைதாளில் வைத்தால் மேலே ஏறிக் கீழே இறங்கும் ஓர் அலைக்கோடு கிடைக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு ஒரே பக்கம் தள்ளியிருந்தால், காம்பஸையே கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள். திருகைத் தளர்த்தித் திருப்பி வைத்தால் போதும். எந்தப் பொருளும் இல்லாத வெறுங்கடலில் படகு எப்படித் திரும்பினாலும் என்ன பிழை வரும் என்று ஒரு தாளில் தெரிந்துவிடுகிறது. அந்தத் தாள் கையில் வந்ததும் காம்பஸ்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை வேறு மாதிரி ஆனது.

இனி கூட்டலும் கழித்தலும். வரைபடத்தில் இருந்து காம்பஸுக்குப் போகும்போது என் விதி இது: கிழக்கு என்றால் கழி, மேற்கு என்றால் மிகு. முதலெழுத்துகள் ஒத்து வருவதால் மறப்பதில்லை. காம்பஸில் இருந்து வரைபடத்துக்கு வரும்போது அப்படியே தலைகீழ். வரைபடத்தில் கோடு போட்டால் 75 டிகிரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேரியேஷன் 12 மேற்கு; மிகு: 87. அந்தத் திசையில் படகின் டீவியேஷன் 3 கிழக்கு, கழி: 84. சுக்கான் பிடிப்பவருக்கு 84 என்று சொல்ல வேண்டும். டீவியேஷனைத் தேடும்போது படகு பார்க்கும் திசையைத்தான் நாம் அளந்து எழுதிய பட்டியலில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தெரியும் கலங்கரை விளக்கத்தைப் படகுக் காம்பஸால் குறிபார்த்தாலும் அப்படித்தான். கலங்கரை விளக்கம் இருக்கும் திசைக்குப் பட்டியலில் வேலை இல்லை.

குறிபார்ப்பது தனிக்கலை. வரைபடத்தில் உள்ள ஒரு பொருளின் திசையைக் கைக்காம்பஸில் பார்த்து, உண்மைத் திசைக்கு மாற்றி, வரைபடத்தில் அந்தப் பொருளில் இருந்து கோடு இழுத்தால் நாம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறோம். இன்னொரு பொருள், இன்னொரு கோடு. வெட்டும் இடம் நம் இடம். இரண்டு கோடுகள் செங்கோணத்தை ஒட்டி வெட்டினால் நம்பலாம். ஒடுங்கிய கோணத்தில் வெட்டினால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். மூன்று கோடு இழுத்தால் ஒரு சின்ன முக்கோணம் விழும். அது சின்னதாக இருந்தால் நிம்மதி, பெரிதாக இருந்தால் திரும்ப அளக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பொருள்களை முதலில் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் உள்ளதைக் கடைசியில் பார்ப்பேன். பக்கவாட்டுப் பொருளின் திசைதான் வேகமாக மாறுகிறது.

உயிர் காக்கும் பயன் ஒன்றும் இதில் இருக்கிறது. தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது. மோதுமா, தாண்டிப் போகுமா? கண்ணால் சொல்வது கடினம். காம்பஸில் அதன் திசையைப் பாருங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் மாறிக்கொண்டே போனால் பெரும்பாலும் தாண்டிவிடும். எண் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இருவரும் ஒரே புள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். 1972-இன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஏழாவது விதி இதையே சொல்கிறது: நெருங்கி வரும் கலத்தின் காம்பஸ் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லையென்றால் மோதும் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மிகப் பெரிய கப்பலோ, மிக அருகில் இருக்கும் கலமோ என்றால் எண் மாறினாலும் அபாயம் இருக்கலாம் என்றும் அதே விதி எச்சரிக்கிறது.

மூடுபனியில்தான் காம்பஸோடு நம் உறவு சோதனைக்கு வருகிறது. வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பு தானாக ஒரு திசையை நம்பத் தொடங்குகிறது. மெதுவான திருப்பத்தை உள்காது உணர்வதில்லை. படகு வளைந்துகொண்டே போனாலும் நேராகப் போவதாகத்தான் தோன்றும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மேகம் மூடிய நாளில் காட்டுக்குள் நேராக நடக்கச் சொல்லப்பட்டவர்கள், தாங்கள் நேராகவே நடப்பதாக நம்பியபடி வட்டமடித்தார்கள். சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் அதே காட்டில் கிட்டத்தட்ட நேராக நடந்தார்கள். நடக்கும் காலுக்கே இப்படியென்றால் மிதக்கும் படகைச் சொல்ல வேண்டியதில்லை. பனிக்குள் முதன்முதலாக ஓட்டியபோது காம்பஸ் பழுதாகிவிட்டது என்றே என் உடம்பு முழுக்கச் சொன்னது. "இது தப்பாகக் காட்டுகிறதோ?" என்று கேட்டேன். கற்றுக்கொடுத்தவர் அமைதியாக இருந்தார், அப்புறம் சொன்னார்: "நேற்று சரியாகக் காட்டிய காம்பஸ் தம்பி. பக்கத்தில் இரும்பு எதையும் வைக்கவில்லையே? அப்படியானால் அதையே நம்பு." நேற்று அளந்து பார்த்திருந்தோம் என்பதுதான் அந்தப் பேச்சின் ஆதாரம். அளந்து பார்க்காத காம்பஸை நம்பச் சொல்லி யாரையும் என்னால் கேட்க முடியாது.

பழகுவதற்கு நல்ல வெளிச்சமும் கரை தெரியும் தூரமும் வேண்டும். ஜி.பி.எஸ். திரையைத் துணியால் மூடிவிட்டு, கிளம்பிய நேரம், காம்பஸ் எண், வேகம் மூன்றையும் எழுதிக்கொண்டு ஒரு மிதவையைத் தேடிப் போய்ப் பாருங்கள். அரைமணிக்கு ஒருமுறை வரைபடத்தில் ஒரு புள்ளி. போய்ச் சேர வேண்டிய நேரத்தில் மிதவை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தால் நீரோட்டம் என்ன செய்தது என்று தெரியும்.

திரும்பி வரும் எண்ணில் கவனம் வேண்டும். எதிர்த்திசைக்கு 180 கூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மனக்கணக்கில் 200 கூட்டி 20 கழித்தால் சுலபம். 84-இல் போனோம், 264-இல் திரும்பலாம் என்று தோன்றும். அது சரியல்ல. எதிர்த்திசை பார்க்க வேண்டியது வரைபடத்துத் திசைக்கு: 75-க்கு எதிர் 255. வேரியேஷன் 12 மேற்கு சேர்த்தால் 267. மேற்கே பார்க்கும்போது அதே படகின் டீவியேஷன் 3 மேற்காக மாறியிருந்தால் காம்பஸ் எண் 270. இரண்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம். பத்து மைல் பயணத்தில் ஒரு மைல். நீரோட்டத்துக்காகக் கொடுத்த திருத்தமும் திரும்பும்போது எதிர்ப்பக்கம் போகும், வேளை மாறினால் அளவும் மாறும். அதனால் போகும் எண், வரும் எண் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டு, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். இரும்புக் கிளிப் போடாமல், டேப் ஒட்டி.